திருடினால்தான் வளருமாம்

மணி பிளான்ட்டைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, கேட்டும் வாங்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் உண்டு. "கேட்டு வாங்குனா தழைக்காதுப்பா, தெரியாம ஒடிச்சிட்டு வந்து வைக்கணும்" என்பார்கள். இதைச் சொல்கிறவர் வீட்டு கிரில்லிலேயே அந்தக் கொடி செழிப்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும். சொல்லிவிட்டு அவர் காபி போட உள்ளே போய்விடுவார். வந்தவர் ஒரு துண்டை ஒடித்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். இருவருக்கும் நடந்தது தெரியும், இருவரும் தெரியாத மாதிரி இருப்பார்கள். இது திருட்டா, தானமா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

இந்தச் செடியின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, அந்த நம்பிக்கையைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை. ஒரு துண்டை வெட்டு, எடுத்துக்கொண்டு போ, வேறு இடத்தில் ஊன்று. வீட்டுச் செடிகளின் வரலாறு மொத்தமும் இந்த மூன்று செயல்கள்தான். ஆனால் செய்கிறவர் யார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. பக்கத்து வீட்டு அக்கா செய்தால் திருட்டு. ஒரு பேரரசு செய்தால் தாவரவியல். ஒரு கம்பெனி செய்தால் அறிவுசார் சொத்து.

*

முதலில் செடியைப் பார்ப்போம். மணி பிளான்ட்டின் இன்றைய தாவரவியல் பெயர் எபிப்ரெம்னம் ஔரியம். சேம்பு, சேனை, கருணை எல்லாம் சேர்ந்த குடும்பம். சேப்பங்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதே காரணம்தான் இதிலும்: இலைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். குழந்தையோ பூனையோ கடித்தால் வாய் எரியும், வீங்கும்.

நம் வீட்டில் உள்ளங்கை அளவு இலையோடு தொங்குகிற இது உண்மையில் தொங்குகிற செடியே இல்லை, ஏறுகிற செடி. காட்டில் மரத்தைப் பிடித்துக்கொண்டு 20 மீட்டர் உயரம் வரை போகும். அங்கே ஒரு இலை ஒரு மீட்டர் நீளம் வரை வளரும், ஓரங்கள் கிழிந்து பனையோலை மாதிரி தெரியும். தொட்டியிலிருந்து கீழே தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகிறது. பிடித்து ஏற மரம் கிடைக்காத கொடி, தன் இளம்பருவத்தைத் தாண்டுவதில்லை. நாம் 'அழகாகத் தொங்குகிறது' என்று படம் எடுத்துப் போடுவது, வயதுக்கு வராத ஒரு செடியை.

இலையில் இருக்கும் மஞ்சள், வெள்ளைத் திட்டுகள் இன்னொரு கதை. அந்த இடங்களில் பச்சையம் இல்லை அல்லது மிகக் குறைவு. அதாவது அந்தப் பகுதி சமைப்பதில்லை, சாப்பிட மட்டும் செய்கிறது. பக்கத்தில் இருக்கும் பச்சைப் பகுதிதான் அதற்கும் சேர்த்து உழைக்கிறது. காட்டில் இது குறைபாடு. நிழலடர்ந்த இடத்தில் முழுப் பச்சை இலையோடு போட்டி போட்டால் தோற்றுவிடும். மனிதர்கள் அந்தக் குறைபாட்டை அழகு என்று பார்த்தார்கள். மஞ்சள் அதிகம் விழுந்த கிளையாகத் தேடி வெட்டி ஊன்றினார்கள். அப்படி ஒவ்வொரு தலைமுறையாக நடந்த தேர்வுதான் இன்று நம் ஜன்னலில் இருக்கிறது.

தலைமுறை என்று சொன்னது சரியில்லைதான். இந்தக் கொடிக்குத் தலைமுறைகள் கிடையாது. முருங்கைக்குப் போத்து வெட்டி நடுவதுபோலத்தான் இதையும் பெருக்குகிறார்கள். நர்சரியில் நீங்கள் வாங்குவது வேறொரு கொடியின் போத்து. அந்தக் கொடியும் இன்னொன்றின் போத்து. அப்படியே பின்னால் போனால் விதையில் போய் நிற்காது. கணினித் துறையில் இருப்பதால் எனக்கு இது 'காப்பி' என்ற சொல்லை ஞாபகப்படுத்துகிறது, ஆனால் காப்பி என்றால் மூலம் ஒன்று தனியாக இருக்க வேண்டும். இங்கே அதுவும் இல்லை. வெட்டப்பட்டதும் வெட்டியதும் ஒரே உடல்.

*

1880-இல் பெல்ஜியத்தில் இந்தக் கொடிக்கு முதல் அறிவியல் பெயர் வைக்கப்பட்டது. வைத்தவர்கள் இருவர். ஒருவர் ழான் லிண்டன், லக்சம்பர்க்கில் பிறந்தவர். இளம் வயதில் பெல்ஜிய அரசு அனுப்பி பிரேசில், மெக்சிகோ, வெனிசுவேலா, கொலம்பியா என்று அலைந்து ஆர்க்கிட் சேகரித்தவர், பிறகு ஐரோப்பாவின் மிகப் பெரிய செடி வியாபாரிகளில் ஒருவராக ஆனவர். இன்னொருவர் எடுவார் ஆந்த்ரே, பிரெஞ்சுத் தோட்டக்கலை வல்லுநர். லிண்டனிடம் இருந்த 'லில்லுஸ்ட்ராசியோன் ஆர்த்திகோல்' என்ற இதழில் போத்தோஸ் ஔரியஸ் என்று எழுதினார்கள். ஔரியஸ் என்றால் பொன்னிறம்.

கவனிக்க வேண்டியது: அந்த இதழ் அறிவியல் இதழாகவும் இருந்தது, விற்பனைக்கு வரும் செடிகளுக்கு ஒரு காட்சிக்கூடமாகவும் இருந்தது. வண்ணப்படம் போட்டு, லத்தீன் பெயர் கொடுத்தால் செடிக்கு ஒரு மரியாதை வரும், விலையும் வரும். ஊர் எது என்பதற்குச் சாலமன் தீவுகள் என்று குறித்தார்கள். அது சரியல்ல. இன்றைய தாவரவியல் இதன் பிறப்பிடமாகச் சொல்வது தாஹித்திக்குப் பக்கத்தில் இருக்கும் மூரியா என்ற சின்னத் தீவை. சாலமன் தீவுகளுக்கும் மூரியாவுக்கும் நடுவில் பல ஆயிரம் கிலோமீட்டர் பசிபிக் கடல் கிடக்கிறது. நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கொடி தப்பான ஊர்ப்பெயரோடு விற்கப்பட்டது.

போத்தோஸ் என்ற சொல்லைப் பார்த்தால் நமக்குப் போத்து ஞாபகம் வரும், ஆனால் அது வந்த வழி வேறு. இலங்கைக் காடுகளில் 'போத்தா' என்று சிங்களத்தில் அழைக்கப்படும் ஒரு கொடி உண்டு. 1670-களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் இருந்த பால் ஹெர்மன் ஏராளமான செடிகளைச் சேகரித்து உலர்த்தி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். அந்தத் தொகுப்பை வைத்துத்தான் லின்னேயஸ் 1747-இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார், போத்தாவைப் போத்தோஸ் என்று லத்தீனாக்கினார். ஆக, பசிபிக் தீவின் செடிக்குச் சிங்களப் பெயரை பெல்ஜியத்தில் வைத்தார்கள். இன்றைக்கும் அமெரிக்காக்காரர்கள் கடையில் போய் 'போத்தோஸ்' என்று கேட்கும்போது, தெரியாமலே ஒரு சிங்களச் சொல்லைச் சொல்கிறார்கள்.

பெயர்க் குழப்பம் அத்தோடு முடியவில்லை. தாவரவியலில் குடும்பம் பிரிப்பதற்குப் பூவும் காயும் வேண்டும். இந்தக் கொடி பூக்கவே இல்லை. இலையை மட்டும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு ஃபோல்டரில் போட்டார்கள். 1908-இல் ஜெர்மன் அறிஞர் எங்லர் அதை ஸிண்டாப்ஸஸ் பேரினத்துக்கு மாற்றினார். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஆனைத்திப்பிலி அந்தப் பேரினம். ஐம்பது வருடத்துக்கு மேல் மணி பிளான்ட்டும் ஆனைத்திப்பிலியும் உடன்பிறப்புகள். 1960-களின் தொடக்கத்தில் அபூர்வமாக ஒரு பூ கிடைத்தது. மன்ரோ பர்ட்சி என்ற தாவரவியலாளர் அதைப் பார்த்துவிட்டு ரஃபிடோஃபோராவுக்கு மாற்றினார். 1964-இல் ஜார்ஜ் பன்டிங் எபிப்ரெம்னத்துக்கு மாற்றினார். பிறகு சிலர் இதைத் தனி இனமே இல்லை, இன்னொரு இனத்தின் தோட்ட வகை என்றார்கள். 2004-இல் பீட்டர் பாய்ஸ் மறுபடி ஆராய்ந்து தனி இனம்தான் என்றார்.

ஏன் பூக்கவில்லை என்பதற்கு 2016-இல்தான் பதில் வந்தது. பூக்கத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உருவாக்கும் மரபணு ஒன்று இந்தக் கொடியில் சரியாக வேலை செய்வதில்லை. வெளியிலிருந்து அந்த ஹார்மோனைத் தெளித்தால் பூக்கிறது. தெளிக்காவிட்டால், எத்தனை வயதானாலும், எவ்வளவு உயரம் ஏறினாலும், பூப்பதில்லை.

இதைப் படித்தபோதுதான் அந்த நம்பிக்கை எனக்குப் புரிய ஆரம்பித்தது. பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. பறவை தின்று எச்சத்தில் போட வழியில்லை. இந்தக் கொடி கடல் தாண்ட வேண்டுமானால் யாராவது கை நீட்டி ஒடித்தாக வேண்டும்.

*

ஒடித்தால் மட்டும் போதாது, உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும். 1819-இல் மக்காவிலிருந்த ஜான் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் ஒரு கணக்குப் போட்டார். சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் ஏற்றும் ஆயிரம் செடிகளில் ஒன்றுதான் பிழைக்கிறது. உப்புக் காற்று, நல்ல தண்ணீர்ப் பஞ்சம், வெயில், குளிர் எல்லாம் சேர்ந்து மற்றவற்றை முடித்துவிடும்.

அதை மாற்றியவர் லண்டன் துறைமுகப் பகுதியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த நத்தானியேல் வார்ட். அவருக்குப் பெரணி வளர்க்க ஆசை. நிலக்கரிப் புகையில் எதுவும் பிழைக்கவில்லை. 1829-இல் வேறொரு வேலையாக, ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு பொரிவதைப் பார்ப்பதற்காக, மூடிய கண்ணாடிப் புட்டியில் ஈரமண்ணோடு அதை வைத்தார். கொஞ்ச நாளில் மண்ணிலிருந்து ஒரு பெரணியும் புல்லும் முளைத்தன. பகலில் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது, பிறகு மண்ணுக்கே திரும்புகிறது. தண்ணீர் ஊற்றவே தேவையில்லை. வெளியே இருக்கும் புகையும் உள்ளே வராது.

1833-இல் வார்ட் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்து சிட்னிக்குக் கப்பலேற்றினார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1834-இல் அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் கிளம்பி, பனியும் கொடும் வெயிலும் தாண்டி, லண்டனுக்கு உயிரோடு வந்தன. அதன்பின் வார்ட் பெட்டி இல்லாத தாவரவியல் தோட்டம் இல்லை. லிண்டன் மாதிரி வியாபாரிகளின் தொழிலே இந்தப் பெட்டிகளை நம்பித்தான் விரிந்தது. 1845-இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியதும் பெட்டி மலிந்தது, நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைக்குள் வந்தது. 'வீட்டுக்குள் வளர்க்கும் செடி' என்று நாம் இன்று சொல்வதன் ஆரம்பங்களில் ஒன்று அங்கேதான்: குளிர்நாட்டு வீட்டுக்குள், கண்ணாடிக்குப் பின்னால், வெப்பநாட்டுக் காட்டின் ஒரு துண்டு.

அதே பெட்டி வரவேற்பறைக்குப் போனதோடு நிற்கவில்லை. ராபர்ட் ஃபார்ச்சூன் சீன உடை தரித்து, தலையைச் சிரைத்துக்கொண்டு சீனாவின் உள்நாட்டுக்குள் நுழைந்து, 1848 முதல் 1851 வரை தேயிலைச் செடிகளையும் விதைகளையும் வார்ட் பெட்டிகளில் இந்தியாவுக்கு அனுப்பினார். சம்பளம் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. கிளமெண்ட்ஸ் மார்க்கம் 1860-இல் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனா கன்றுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். செங்கடல் வெயில் தாண்டி உதகமண்டலத்துக்கு வந்த அவருடைய கன்றுகள் பிழைக்கவில்லை. ஆனால் ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்த செம்பட்டை சின்கோனா 1861-இல் வந்தது, பிழைத்தது. உதகை அரசுத் தோட்டத்தின் மேக்ஐவர் அதைப் போத்து போட்டுப் போட்டு ஆயிரக்கணக்கில் பெருக்கினார். தொட்டபெட்டாவும் நடுவட்டமும் சின்கோனாத் தோட்டங்களாயின. நடுவட்டத்தில் அதற்கான வேலையைச் செய்தவர்களில் கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. முளைத்த கன்றுகளில் 1,919-ஐ 38 வார்ட் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள்.

இவையெல்லாம் திருட்டா? அந்தக் காலத்து ஆவணங்களில் 'அறிமுகம்' என்ற சொல்தான் இருக்கும். சின்கோனா நாடுகள் தங்கள் மரம் வெளியே போகக் கூடாது என்று தடுத்துக்கொண்டிருந்தன. தேயிலை எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சீனா மூடி வைத்திருந்தது. ஃபார்ச்சூனுக்கு வேஷம் தேவைப்பட்டதிலிருந்தே விஷயம் புரிந்துவிடும். பெரிய மனிதர்கள் எடுத்துக்கொண்டு போனது நன்றாகவே தழைத்தது, அந்த நம்பிக்கை சொல்வதுபோலவே.

யாருக்குத் தழைத்தது என்பதுதான் கேள்வி. பொலிவியாவில் மானுவெல் இன்க்ரா மமானி என்று ஒருவர் இருந்தார். ஐமாரா இனத்தவர். காட்டுக்குள் போய் எந்த மரத்தில் குயினைன் அதிகம் என்று பட்டையைப் பார்த்தே சொல்லக்கூடிய அறிவு அவருடையது. 1865-இல் சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வியாபாரிக்கு அவர் சேகரித்துக் கொடுத்த விதை, பிறகு டச்சுக்காரர்கள் கைக்குப் போய், ஜாவாவில் உலகக் குயினைன் வணிகத்தையே பிடித்தது. அந்த இனத்துக்கு லெட்ஜரின் பெயர் வைத்திருக்கிறார்கள். விதை சேகரித்துக் கொடுத்ததற்காக மமானி கைது செய்யப்பட்டார், சிறையில் அடிக்கப்பட்டார், 1871-இல் இறந்துபோனார்.

*

இங்கே நமக்கு நெருக்கமான ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். காப்பியும் தேயிலையும் ரப்பரும் தானாக வளரவில்லை. இலங்கை மலைகளில் அவற்றை வளர்க்க 1830-கள் தொடங்கித் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அதே காலத்தில் கடலில் போய்க்கொண்டிருந்த கன்றுகளுக்கு மேல்தளத்தில் இடம் இருந்தது. வெளிச்சம் படவேண்டும், கண்ணாடி உடையக் கூடாது, உப்புத் தண்ணீர் தெறிக்கக் கூடாது. ஒரு கன்று செத்தால் யாராவது கணக்கு எழுதினார்கள். 1,919 கன்றுகள், 38 பெட்டிகள் என்று நான் இன்றைக்கு எழுத முடிகிறது. நடந்துபோனவர்களை அப்படி ஒவ்வொருவராக எண்ணி வைத்தவர் யாருமில்லை.

தாவரவியலில் 'நேச்சுரலைஸ்டு' என்று ஒரு சொல் உண்டு. வெளியூரிலிருந்து வந்த செடி, யாரும் தண்ணீர் ஊற்றாமலே புது மண்ணில் தானாகப் பிழைத்துப் பெருகினால் அதை அப்படிக் குறிப்பார்கள். சட்டத்தில், வெளியூர்க்காரருக்குக் குடியுரிமை கொடுப்பதற்கும் அதே சொல். மணி பிளான்ட் இலங்கையில் நேச்சுரலைஸ்டு. மலையகத் தமிழர்களுக்கோ 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் கதவைச் சாத்தியது. பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். மூன்று, நான்கு தலைமுறையாக வேர்விட்டவர்களை வெட்டித் திருப்பி அனுப்பியபோது அவர்களில் ஒரு பகுதிக்கு வேலை கொடுக்க நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. சின்கோனாக் கன்றுகள் வந்திறங்கிய அதே மலை.

செடியையும் மனிதரையும் ஒப்பிடுவது எனக்கு முழுசாக உவப்பாக இல்லை. மனிதர் செடி இல்லை. ஆனால் அந்த ஒப்பீட்டை முதலில் செய்தது நான் இல்லை. கன்றையும் கூலியையும் ஒரே தோட்டத்தின் செலவுக் கணக்கில் எழுதியவர்கள் செய்தது.

*

கண்டி நகரத்தை ஒட்டி உடவத்தகெலே என்ற பாதுகாக்கப்பட்ட காடு இருக்கிறது, ஒரு காலத்தில் கண்டி அரசர்களின் வனம். அங்கே 20 ஹெக்டேருக்கும் மேலான பரப்பை மணி பிளான்ட் மூடிவிட்டது. தரையெல்லாம் அதுதான். மரங்களின் மேலேயும் ஏறி, வீட்டில் நாம் பார்க்காத அந்தப் பெரிய இலைகளை விரிக்கிறது. அதைத் தின்ன அங்கே பூச்சி இல்லை. கீழே முளைக்கும் உள்ளூர்க் கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை.

இதை 'ஆக்கிரமிப்புச் செடி' என்கிறோம். சொல் சரிதான், ஆனால் விதையே இல்லாத ஒரு கொடி காட்டுக்குள் எப்படிப் போகும்? யாரோ ஒருவர் ஊன்றியிருக்க வேண்டும், அல்லது கத்தரித்த குப்பையைக் கொட்டியிருக்க வேண்டும். ஒரு கணு மண்ணில் பட்டால் போதும். காட்டை மூடியிருக்கும் அந்த 20 ஹெக்டேரும், நம் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும் நாலு இலையும் ஒரே பழக்கத்தின் இரண்டு முனைகள். ஒன்று கையை விட்டுப் போய்விட்டது, இன்னொன்று இன்னும் கையில் இருக்கிறது.

மறுமுனையில் இதே போத்தைத் தடுக்கிற சட்டமும் வந்துவிட்டது. 1930-இல் அமெரிக்கா தாவரக் காப்புரிமைச் சட்டம் இயற்றியது. போத்து, ஒட்டு, பதியன் மூலம் பெருக்கும் புதுவகைகளுக்கு அது உரிமை கொடுக்கிறது. இப்போது அந்த உரிமை இருபது வருடம். மணி பிளான்ட்டில் வெள்ளை மிகுந்த 'மார்பிள் குயின்' என்று ஒரு வகை உண்டு. இந்தியாவில் ஒரு நர்சரியில் அந்தக் கொடியில் தானாக ஒரு மாற்றம் தோன்றியது: இலை சிறிது, வெள்ளையும் பச்சையும் பெயின்ட் அடித்த மாதிரி தனித்தனியாக. அதுதான் இன்று 'என்ஜாய்' என்ற பெயரில் விற்கும் வகை, அமெரிக்கக் காப்புரிமையோடு போனது. காப்புரிமை பெற்ற வகைகளின் தொட்டியில் 'அனுமதியின்றிப் பெருக்கக் கூடாது' என்று ஒரு சீட்டு சொருகியிருக்கும்.

அந்த மாற்றத்தைக் கவனித்து, பிரித்தெடுத்து, பல வருடம் நிலைப்படுத்தியவரின் உழைப்பை நான் குறைவாகச் சொல்லவில்லை. மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் உரிமம் என்ற விஷயத்தைக் கேலி செய்ய முடியாது. ஆனால் மூரியாவிலிருந்து யார் கேட்டு எடுத்தார்கள்? முதல் போத்துக்கு யாரிடமும் சீட்டு இல்லை. 140 வருடம் கழித்து கடைசிப் போத்துக்குச் சீட்டு வருகிறது. மமானி பிடிபட்டது ஒரு சட்டத்தின்கீழ், இந்தச் சீட்டு இன்னொரு சட்டத்தின்கீழ். நடுவில் ஃபார்ச்சூனும் விக்கமும் எந்தச் சட்டத்திலும் சிக்காமல் நடந்து போகிறார்கள்.

*

இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒரு மணி பிளான்ட்டை எப்படி வளர்ப்பது? நண்பர்கள் கேட்பதால் சொல்கிறேன். வரலாறு படித்தது வளர்ப்பதற்கும் உதவுகிறது.

அது காட்டு மரநிழலில் ஏறும் செடி. ஜன்னலுக்குப் பக்கத்தில், நேர் வெயில் படாத வெளிச்சம் வேண்டும். உச்சி வெயில் பட்டால் பச்சையம் இல்லாத வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும். ரொம்ப இருட்டில் வைத்தால் சாகாது, ஆனால் புது இலைகள் பச்சையாகவே வரும். மஞ்சள் பகுதியைச் சும்மா உட்காரவைத்துச் சோறு போட அப்போது அதற்குக் கட்டுப்படியாகாது. முழுப் பச்சையாக ஒரு கிளை வேகமாக ஓடினால், திட்டு வேண்டும் என்கிறவர்கள் அதைக் கத்தரித்துவிட்டு, திட்டு நன்றாக விழுந்த கணுவுக்கு மேலே தளிர்க்க விட வேண்டும். லிண்டன் காலத்திலிருந்து எல்லோரும் செய்தது அதைத்தான்.

விரல் நுனி அளவுக்கு மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். இந்தச் செடி வாடிச் சாவதைவிட அன்பாகத் தண்ணீர் ஊற்றி வேரழுகிச் சாவதுதான் அதிகம். தண்ணீர் பாட்டிலில் வைத்தால் வாரம் ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும். பெரிய இலை பார்க்க ஆசையாக இருந்தால் தொங்கவிடாமல், தென்னை நார் சுற்றிய கம்பத்தில் ஏற்றிவிடுங்கள். கணுவில் இருக்கும் அந்தச் சின்னப் பழுப்பு முளை, காற்றுவேர், கம்பத்தைப் பிடித்ததும் இலை அகலமாகும்.

காற்றைச் சுத்தமாக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். 1989-இல் நாசா ஒரு சோதனை செய்தது உண்மை, அதில் மணி பிளான்ட் இருந்ததும் உண்மை. ஆனால் அது மூடிய பெட்டிக்குள் நடந்தது. 2019-இல் வெளிவந்த ஒரு மறு ஆய்வு, சாதாரண அறையில் ஜன்னல் வழியாக வரும் காற்று செய்வதைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு பத்து முதல் ஆயிரம் செடி வரை தேவை என்று கணக்கிட்டது. எங்கள் ஐடி பார்க்கில் ஆளுக்கொரு தொட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, அது போதும்.

வெட்டும்போது கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். கணு இல்லாத இலை தண்ணீரில் வேர்விட்டாலும் கொடியாகாது. கத்தரித்த மிச்சத்தை ஏரிக்கரையிலோ மலைப்பாதை ஓரத்திலோ வீசாதீர்கள். காய்ந்து சருகாகும்வரை வெயிலில் போட்டு, பிறகு குப்பையில் சேருங்கள்.

போத்து கொடுக்கும்போது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லிக் கொடுங்கள். நம் வீடுகளில் இது ஏற்கெனவே இருக்கும் வழக்கம்தான். "இது மதுரை அத்தை வீட்டுக் கொடி", "இது மாடி வீட்டுக்காரம்மா காலி பண்ணிட்டுப் போறப்ப குடுத்தது" என்று சொல்லித்தான் காட்டுவார்கள். திருடி வந்ததைக்கூட யார் வீட்டில் திருடியது என்று சொல்லாமல் விடமாட்டார்கள். மூரியாவில் முதல் துண்டை ஒடித்துக் கொடுத்தவரின் பெயரை லிண்டனின் இதழ் நமக்குத் தரவில்லை. அத்தையின் பெயராவது கொடியோடு போகட்டும்.